ஆறு வாரம் ஆனால் எல்லாம் சரியாகிவிடுமா?

"ஆறு வாரம் ஆயிடுச்சே, இன்னும் என்ன?" பிள்ளை பெற்றவளிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். அந்த ஆறு வாரக் கணக்கு கர்ப்பப்பைக்குப் பொருந்தும். பிரசவம் முடிந்ததும் கிட்டத்தட்ட 1 கிலோ எடையோடு தொப்புள் மட்டத்தில் இருக்கும் அது, தினமும் ஒரு விரற்கிடை அளவு இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். தசைக்கும் தையலுக்கும் மனசுக்கும் அந்தக் கணக்கு செல்லாது.

அதிகக் குழப்பம் ரத்தப்போக்கில்தான். "சிசேரியன்ல எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுவாங்க, அப்புறம் ரத்தம் போகாது" என்று நம்புகிறவர்கள் நிறைய. குழந்தை எந்த வழியில் வந்தாலும் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருக்கிறது. ரத்தம் வருவது அங்கிருந்துதான். முதல் மூன்று, நான்கு நாள் சிவப்பாக, பிறகு பத்து நாள் வரை இளஞ்சிவப்பும் பழுப்புமாக, அதன்பின் வெளிறிய மஞ்சளாக, நான்கு முதல் ஆறு வாரம் வரை போகும். காலையில் எழுந்து நின்றதும் குபுக்கென்று வந்தால் பயப்பட வேண்டாம். படுத்திருந்தபோது தேங்கியதுதான் அது. பால் கொடுக்கும்போது வயிற்றைப் பிடித்து இழுத்து ரத்தம் கூடுவதும் இயல்பே, கர்ப்பப்பை சுருங்குகிறது. இரண்டாவது பிரசவத்தில் இந்த வலி இன்னும் அதிகமாகவே இருக்கும். ஆனால் பெரிய பேட் ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால், முட்டை அளவுக்கு ரத்தக்கட்டி வந்தால், நாற்றமடித்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, படுத்தே கிடந்தால்தான் உடம்பு தேறும் என்பது. ஓய்வு வேண்டும், அசையாமல் கிடப்பது வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும். கால் அசையாவிட்டால் அந்த ஆபத்து கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைதான். சிசேரியன் ஆனவர்களும் முதல் 24 மணி நேரத்துக்குள் மெதுவாக நடக்கலாம். எழும்போது நேராக நிமிராதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடியுங்கள். குழந்தையைவிடக் கனமான எதையும் சில வாரங்களுக்குத் தூக்க வேண்டாம். வயிற்றுக்கு பெல்ட் போட்டால் நடக்கையில் வலி குறையலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். தொப்பையை அது கரைக்காது.

தண்ணீரைக் குறைத்தால் புண் சீக்கிரம் காயும் என்பதும் தவறு. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், தையல் விண்ணென்று வலிக்கும். பாதத்துக்கு ஒரு சிறு ஸ்டூல் வைத்து முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தி உட்கார்ந்து, சுத்தமான பேடைப் பிறப்புறுப்புப் பக்கத் தையல் மேல் மெல்ல அழுத்திக்கொண்டு போனால் பயம் பாதி போய்விடும்.

தும்மினால் சிறுநீர் கசிவதை "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பலருக்கு நடக்கிறது என்பதற்காகக் காலம் முழுக்கச் சகிக்க வேண்டியதில்லை. காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். மெல்ல மெல்ல பத்து விநாடி, பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று கூட்டலாம். மூச்சை அடக்குவது, பிட்டத்தை இறுக்குவது, கீழ்நோக்கி முக்குவது, இந்த மூன்றும்தான் இதைக் கெடுக்கும். சிறுநீரைப் பாதியில் நிறுத்தி இதைப் பழகாதீர்கள். மூன்று மாதம் ஆகியும் கசிந்தால், அல்லது செய்யும்போது வலித்தால், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தசை ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி கூடுதல் தொல்லை.

பால் கொடுத்தால் கரு தங்காது என்பது அரை உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் பாதுகாப்பு சுமார் 98 சதவீதம். மூன்றில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம்.

முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது இரண்டு வாரத்தில் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாததுபோல் பரபரப்பது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம்.

கடைசியாக, கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை அது எகிறலாம். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, இவைதான் அதன் அறிகுறிகள். 160/110 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரம். மருத்துவமனைக்குப் போனதும் முதலில் "எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் தலைவலி மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும்.