வயிற்றுக்குத்துடன் வந்த பிள்ளை

ஜூலை 8

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மம்மா இன்று என்னுடைய ஆலோசனை அறைக்குக் கூட்டி வந்தார். பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் விடியற்காலையிலேயே வயிற்றுக்குத்துத் தொடங்கிவிடுகிறது. விடுமுறை என்றால் வருவதில்லை. வைத்தியர் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். பயந்திருப்பான் என்று கோயிலில் நூலும் கட்டியாயிற்று. "கள்ளம் அடிக்கிறான் எண்டு தாய் பேசுறா, ரீச்சர். எனக்கெண்டா அப்பிடித் தெரியேல்லை" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை பையன் மணிக்கட்டிலிருந்த கறுப்பு நூலை ஒரு விரலில் சுற்றி, விரல் நுனி சிவக்கும்வரை இறுக்கி, பிறகு தளர்த்திக்கொண்டே இருந்தான்.

அம்மம்மா கண்டதுதான் சரி. அந்த நோ உண்மையானது. மூளைக்கும் குடலுக்கும் நெருங்கிய நரம்புத் தொடர்பு உண்டு. அச்சத்தின்போது சுரக்கும் அதிரினலினும் கோர்ட்டிசோலும் குடலின் இயக்கத்தையே மாற்றிவிடும். தன் பயத்தைச் சொல்லத் தெரியாத பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் வயிற்றில்தான் தெரியவரும். நடிக்கிறாய் என்று சொன்னால், நோவோடு, தன்னை ஒருவரும் நம்பவில்லை என்ற தவிப்பும் சேர்ந்துகொள்ளும். அதற்காக நாட்கணக்கில் வீட்டில் மறித்து வைத்தாலும் பயம் குறையாது; போகாமல் விட்டதால் தப்பினோம் என்று மனம் பழகி, அடுத்த நாள் படலையைத் தாண்டுவது இன்னும் கடினமாகும். ஆகவே வீட்டார் நோவை நம்பி, வெந்நீர் ஒத்தணம் கொடுத்து, பிறகு பள்ளிக்கும் அனுப்பிவிட வேண்டும் என்றும், வந்ததும் அவன் விரும்பினால் முதல் பாடவேளையில் என் அறையில் இருக்கலாம் என்றும் ஒழுங்கு செய்தோம்.

ஜூலை 15

அவனுடைய ஒரு நாளை அவனைக் கொண்டே எழுதுவித்தேன். ஐந்து மணிக்கு எழும்புகிறான். ரியூசன், பள்ளிக்கூடம், மறுபடி ரியூசன், இரவில் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள். படுக்கப் பத்தரை ஆகிவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். ஆறரை மணித்தியாலம் தூங்கி எழும்புகிற பிள்ளையிடம், அழாதே, கோபிக்காதே, கவனமாகப் படி என்று கேட்பது நியாயமே இல்லை.

கிளித்தட்டு விளையாடுவாயா என்று கேட்டேன். தெரியாது என்றான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் கனத்துவிட்டது. ஆட்டத்தில் தோற்ற பிள்ளை சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அழாப்பி என்று மற்றவர்களுடன் சண்டை பிடிக்கும், பிறகு தானாகவே அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடும். தோற்ற பின் திரும்பி வருவதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் இவ்வளவு நன்றாகப் பழக்குவதில்லை. மாலை ரியூசன் ஒன்றை நிறுத்தும்படி வீட்டாரிடம் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 30

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் இல்லை. கிடைத்த அமைதியில் பையனின் தாயுடன் நீண்ட நேரம் பேச முடிந்தது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். 2009இல், இறுதிப் போரின்போது, இவர் வன்னியில் பதினைந்து வயதுப் பிள்ளை. அதைப் பற்றி மகனிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லையாம். ஆனால் ஊர்க் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் மகனின் கையை அவனுக்கு நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொள்வதாகவும், அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதாகவும் அவரே சொன்னார். போரைப் பார்த்திராத பிள்ளை அப்படித்தான் அதன் பயத்தைத் தாயின் முகத்தில் படிக்கிறது. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் பாதிக்கிறது என்று எழுதி வந்திருக்கிறார். இந்தத் தாயின் முன்னால் இருந்தபோது அது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அவருக்குக் கவாய்த் தீவு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். ஹவாயில் உள்ள அந்தத் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னரும் ரூத் சிமித்தும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் எனப் பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவர்களாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ, மூத்த சகோதரரோ, அயலவரோ, ஆசிரியரோ, நம்பிப் பற்றிக்கொள்ள ஒருவராவது இருந்தார். "அப்ப இவனுக்கு அம்மா இருக்கிறா" என்று தன் தாயை நினைத்துச் சொன்னார். நீங்களும் இருக்கிறீர்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 4

பெற்றோர் கூட்டம். அழாத பிள்ளையைத் தைரியசாலி என்று புகழ்கிற வழக்கத்தைப் பற்றியே அதிகம் பேசினேன். எனக்கு அழுகிற பிள்ளையைவிடச் சத்தம் அடங்கிப்போன பிள்ளையைக் குறித்தே கவலை அதிகம். இரண்டு வாரங்களுக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் குழம்பியிருந்தால், விளையாட்டில் விருப்பம் அற்றுப்போனால், சாகவேண்டும் போலிருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, உடனே உதவி தேட வேண்டும். அதைப் பற்றி நேரே கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான பயம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929. இரண்டையும் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 6

புலமைப்பரிசில் பெறுபேறு வந்துவிட்டது. பையன் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. சித்தியடைந்தவர்களின் படங்களோடு வாசலில் பதாகை கட்ட வேண்டாம் என்று அதிபரிடம் கேட்டேன்; காலைக் கூட்டத்தில் பாராட்டினால் போதும் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு நான் அவருக்கு நன்றியுடையவள்.

பெறுபேறு வந்த அன்று பையன் அழுதானாம். தாய் ஏசவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து, "கவலையாத்தான் இருக்கும், அழு" என்றாராம். வயிற்றுக்குத்து முற்றாக நிற்கவில்லை, இடைக்கிடை வருகிறது. தாய் இன்று என்னிடம் கேட்டது மகனைப் பற்றி இல்லை: ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கிளினிக் எந்த நாட்களில் நடக்கிறது, தான் தனியாகப் போய்க் காட்டலாமா என்று. முதல் முறை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.