7.2 என்று போட்டிருந்த ஜர்னல்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். கடைசிப் பத்தாண்டுகளில், புத்தகம் தேடிக் கொடுத்ததைவிட, ஆய்வு மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் ஜர்னல் பெயர்களைச் சரிபார்த்துச் சொன்னதுதான் அதிகம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அம்பாசமுத்திரத்துப் பெண். காரையாறு, மணிமுத்தாறு பக்கத்து ஓடைகளில் நன்னீர் நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கால் நிறைய அட்டைக்கடித் தழும்பு. அவள் காட்டிய ஜர்னலின் பக்கத்தில் 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.2' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஒரே வாரத்துல எடுத்துக்கிட்டாவ சார். பணமும் கட்டிட்டேன்" என்றாள்.

ஆய்விதழ்களின் மேற்கோள்களைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது அந்தப் பட்டியலுக்குரிய எண். அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. 1975 முதல் ஆண்டறிக்கையாக வருகிறது. கணக்கு எளிது: ஒரு ஜர்னல் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 100 கட்டுரை வெளியிட்டு, அவற்றை 2024-இல் வந்த கட்டுரைகள் 250 முறை மேற்கோள் காட்டியிருந்தால், 2024-க்கான எண் 2.5. அவள் கொண்டுவந்த 7.2 யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த எண். கட்டுரையைத் திரும்பப் பெற இன்னொரு கட்டணம் கேட்டார்கள். ஓடை ஓடையாக அலைந்த பிள்ளையின் உதவித்தொகை அப்படிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

போலியை விலக்குவது ஒரு பாதிதான். அப்புறம்தான் கஷ்டமே. துறையில் அவளிடம் பெரிய எண் உள்ள ஜர்னல்தான் வேண்டும் என்றார்கள். புது நண்டை விவரிக்கும் கட்டுரைக்கு எங்கே அவ்வளவு பெரிய எண் வரும்? விலங்கு வகைப்பாட்டில் ஜூடாக்ஸா முக்கியமான இதழ், அதன் எண்ணே 1-ஐச் சுற்றித்தான் இருக்கும். இன்று எழுதிய உயிரின விவரிப்பை முப்பது ஆண்டு கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார், ஆனால் கணக்கோ முதல் இரண்டு ஆண்டை மட்டும் பார்க்கிறது. உயிரினத்தின் பெயரைப் பயன்படுத்துபவர்கள் பலரும் முதலில் விவரித்த கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதும் இல்லை. 2020-இல் தன் கட்டுரைகளையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி ஜூடாக்ஸாவுக்கு எண் தராமல் கிளாரிவேட்காரர்கள் நிறுத்தினார்கள். உலகெங்கும் வகைப்பாட்டாளர்கள் எதிர்த்தார்கள். சில வாரங்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குத் துறைக் கூட்டத்தில் நான் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழின் எண் 2008-இல் 2-ஐ ஒட்டி இருந்தது. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட 50. படிகவியல் அறிஞர் ஷெல்ட்ரிக் அதில் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியதுதான் காரணம். அதே இதழில் எழுதிய மற்றவர்களுடைய ஆய்வு ஒரே ஆண்டில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிட்டதா என்ன?

நானும் தவறு செய்திருக்கிறேன். மதிப்பீட்டுக் குழு வரும்போதெல்லாம் ஒவ்வோர் ஆசிரியரின் கட்டுரைக்கும் ஜர்னல் எண்ணைப் போட்டு, கூட்டி, பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். கணிதத்துறை ஆசிரியர்கள் எப்போதும் கடைசியில் நின்றார்கள். கணிதத்தில் மேற்கோள் மெதுவாகவும் குறைவாகவும்தான் சேரும் என்பது தெரிந்தே அதைச் செய்தேன். ஒரு கட்டுரையையோ ஆளையோ ஜர்னலின் எண்ணால் அளக்கக் கூடாது என்று 2012-இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனத்தை அதற்குப் பிறகுதான் அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்தேன்.

அந்தப் பெண்ணுடைய கைடு நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். வகைப்பாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். நாலு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மதியம், கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பாய்வாளர்கள் எழுதியனுப்பிய பல பக்கங்களோடு வேகமாக வந்தாள்.

"சார், ஏகப்பட்ட கேள்வி கேட்டிருக்காவ. ஆண் நண்டோட வயித்துக்கால் படத்தைத் திரும்ப வரையணுமாம். பக்கத்து ஓடை நண்டுலருந்து இது எப்படி வேறன்னு அளந்து காட்டணுமாம்."

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஜன்னலோர மேசையில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு நூலகத்தைப் பூட்ட ஏழு மணி ஆகிவிட்டது.