சாவனதுர்காவில் கயிறும் நாங்களும்

பெங்களூருக்கு மேற்கே, மாகடி பக்கம் இருக்கிறது சாவனதுர்கா. கரிகுட்டா, பிலிகுட்டா என்று இரண்டு கிரானைட் மலைகள், உயரம் கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு நடந்தே உச்சிக்குப் போய்விடும். நாங்கள் போனது மல்டி-பிட்ச் கற்றுக்கொள்ள.

ஒரு கயிற்று நீளத்தில் முடியாத பாறையைப் பகுதி பகுதியாக ஏறுவதுதான் மல்டி-பிட்ச்; ஒரு பகுதி ஒரு பிட்ச். முன்னால் போகிறவர் வழியில் பாறையில் அடித்து வைத்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். பிட்ச் முடியும் இடமான ஸ்டேஷன் வந்ததும் தன்னைக் கட்டிக்கொண்டு, கீழே இருப்பவர் ஏறி வரக் கயிறு பிடிப்பார். பிறகு அங்கிருந்து அடுத்த பிட்ச். பாறையில் கையால் பிடிக்க அநேகமாக ஒன்றும் இல்லை. ஷூ ரப்பரை நம்பி, குதிகாலைத் தாழ்த்தி, உடம்பைத் தள்ளி வைத்து நிற்க வேண்டும். பயந்துபோய்ப் பாறையோடு ஒட்டினால்தான் கால் வழுக்குகிறது. இதெல்லாம் காலையிலேயே பிடிபட்டுவிட்டது.

நேரம் எடுத்ததெல்லாம் ஸ்டேஷன் வேலைதான். "முதல்ல உங்களைக் கட்டுங்க சார், அப்புறம் வேடிக்கை பாருங்க" என்பார் பயிற்சி தந்த ஓசூர்க்காரர். இரண்டு போல்ட்டிலும் சுமை பகிரும்படி ஸ்லிங் என்கிற நாடா வளையத்தைக் கட்டி முடிச்சுப் போட வேண்டும்; ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் மற்றது தாங்கும். கயிற்றைப் பிடித்து நிறுத்துவது பிலே கருவி; அதில் இதற்கென்றே உள்ள வகையை இந்தக் கட்டிலேயே, அதாவது ஆங்கரிலேயே மாட்டினால், கீழிருந்து வருபவர் வழுக்கும்போது கயிறு தானாகவே இறுகிவிடும். ஆனால் இறுகிய கயிற்றைத் தளர்த்தி ஆளைக் கீழே இறக்குவது தனி வித்தை. அதைத் தரையில் பழகாமல் மேலே போகக் கூடாது என்பது என் கட்சி.

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முதல் சில அடிகள்தான் ஆபத்தானவை. 3 மீட்டர் ஏறி, இடையில் எதிலும் மாட்டாமல் விழுந்தால் 6 மீட்டர் விழுவோம். அதிர்ச்சியை வாங்க வெளியே இருப்பதோ 3 மீட்டர் கயிறு. கயிறு ஆங்கருக்கும் ஆளுக்கும் தருகிற மிக மோசமான உதை அது. அதனால் முதல் போல்ட்டைச் சீக்கிரம் மாட்டிவிட வேண்டும். 40 மீட்டர் தள்ளி, காற்றில், குரலும் கேட்காது. கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன அர்த்தம் என்று கீழேயே பேசிக்கொள்ள வேண்டும்.

உச்சிக்குப் போனால் நடந்து இறங்கலாம். பாதியில் திரும்பினால் ராப்பெல்தான், அதாவது கயிற்றைப் பிடித்தே இறங்குவது. 60 மீட்டர் கயிற்றை மடித்துப் போட்டால் 30 மீட்டர்தான் இறங்க முடியும். முனைகளில் முடிச்சில்லாமல் இறங்கி, கயிறு தீர்ந்து விழுந்தவர்கள் உலகமெங்கும் உண்டு; அதில் தேர்ந்த ஏறுநர்களும் அடக்கம். பிலே கருவிக்குக் கீழே கயிற்றை இறுகப் பற்றும் புரூசிக் முடிச்சு ஒன்றும் போட்டுக்கொண்டால் கை நழுவினாலும் நிற்கும்.

போக நினைப்பவர்களுக்கு: மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரிக்குள் போங்கள். நனைந்த கிரானைட்டில் கால் நிற்காது, கோடையில் பாறை சுடும். மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். கயிற்றில் கட்டிக்கொண்டு ஓட முடியாது.