டிஸ்லெக்ஸியா உள்ள பசங்களுக்கு பத்தாவது சலுகை: வாங்குனா மட்டும் பத்தாது, பழக்கணும்

ரிசல்ட் வந்துருச்சு, டிஸ்லெக்ஸியா (படிக்க, எழுத சிரமப்படுத்துற கற்றல் குறைபாடு) இருக்குற என் பையன் ஸ்டேட் போர்டு பத்தாவது பாஸ், இப்பதான் மூச்சே சீரா வருது. ஸ்க்ரைப் (பசங்க சொல்லச் சொல்ல பரீட்சை எழுதிக் குடுக்குறவங்க), ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா, ஒரு மொழிப்பாட விலக்கு, இதெல்லாம் இந்தப் பசங்களுக்கு இருக்குற சலுகை. நான் சொல்ல வர்றது வேற.

ஸ்க்ரைப் வச்சு பரீட்சை எழுதுறது தனியா கத்துக்க வேண்டிய ஒண்ணு. பதில் பூரா தெரிஞ்ச பையன் "ரத்தம் அங்க இருந்து இங்க வரும்மா"ன்னு சொல்லுவான், ஆனா ஸ்க்ரைப் அவன் சொன்னதை மட்டும்தான் எழுதுவாங்க, "வலது ஏட்ரியத்துல இருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கு"ன்னு அவன் வாயால வந்தாதான் மார்க். கணக்குல இன்னும் கஷ்டம், "பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி முழுசும் ரூட்டுக்குள்ள, மொத்தத்துக்கும் கீழ 2ஏ"ன்னு ஒவ்வொண்ணா சொல்லணும். அதனால அரையாண்டுக்கு முன்னாடியே வீட்ல ஆரம்பிச்சோம், அவன் சொல்ல நான் எழுதுவேன், தப்பா சொன்னா தப்பாவே எழுதுவேன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, என் தம்பின்னு ஆளை மாத்தி மாத்தி உக்கார வச்சேன், ஏன்னா அன்னிக்கு வர்றது புது முகம், கூச்சத்துல வாயே திறக்காத பசங்க உண்டு. வேற எதை விட்டாலும் இதை விடாதீங்க.

மத்தது சுருக்கமா:

- 8 வயசுல வாங்கின கற்றல் குறைபாடு சர்டிஃபிகேட் இருக்கேன்னு விட்றாதீங்க. மத்திய அரசு விதிப்படி 14 வயசுல திரும்ப டெஸ்ட் பண்ணணும், 18ல இன்னொரு தடவை. பத்தாவதுக்கு சரியா அந்த 14 குறுக்க வரும்.
- சலுகை கேக்குற மனு ஹெச்எம் வழியாதான் போகும். காப்பி வாங்கி வைங்க, ஆர்டர் கைக்கு வர்ற வரை கேட்டுக்கிட்டே இருங்க. நான் விடாம கேக்குற ஆளு, உங்களுக்கு சங்கடமா இருந்தா கூட ஒருத்தரை கூட்டிட்டு போங்க.
- 10 மணிக்கு உள்ள போனா எக்ஸ்ட்ரா டைமோட 2.15 ஆகும். காலைல வயிறு நிறைய சாப்பாடு குடுத்து அனுப்புங்க.
- நாங்க இங்கிலீஷுக்கு விலக்கு வாங்கினோம், ஸ்பெல்லிங்கோட மல்லுக்கட்டுன நேரமெல்லாம் அறிவியலுக்கு போச்சு.

"நல்லாதானே பேசுறான், இவனுக்கு எதுக்கு சலுகை"ன்னு ஸ்கூல்லயே கேட்டாங்க, அது இன்னும் ஆறல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே கற்றல் குறைபாடு இருக்கு. யாரும் போடுற பிச்சை இல்ல இது, தலை நிமிர்ந்து கேளுங்க.

கணக்கு சுத்தமா வரலன்னா என்ஐஓஎஸ் (மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) பாருங்க. அஞ்சு பாடம், அதுல ஒண்ணாவது மொழி, கணக்கு கட்டாயம் இல்ல, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒவ்வொரு பாடமா கூட முடிக்கலாம். சிபிஎஸ்இலயும் இந்த மாதிரி பசங்க கணக்குக்கு பதிலா வேற பாடம் எடுக்கலாம். ஆனா எட்டாவது ஒன்பதாவதுலயே முடிவு பண்ணிருங்க, பத்தாவது பாதியில மாத்துனா பசங்க ரொம்ப ஒடிஞ்சு போயிருவாங்க.