ஐந்தாவது கோர்

"ணா, இதையும் எழுதிடவா?"

கல்லின் பலம் பார்க்கும் எங்கள் சோதனைக்கூடத்தில், ஐந்தாவது கோர் (கல்லிலிருந்து துளைத்தெடுத்த உருளை) சீக்கிரமே உடைந்ததும் பையன் கேட்டது அவ்வளவுதான். "விடு, அது கணக்குல வராது" என்றேன். விதிப்படி தப்பில்லை. தப்பில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

சோதனைக்கு வந்த கல் நகரிப் பக்கத்துக் குவார்ட்சைட். 1911-இல் சித்தூர் ஜில்லா பிரியும்வரை அந்த மலைகளும் நம் வடஆற்காட்டில்தான் இருந்தன. ஆனால் வேலூர் மலைக் கருங்கல்லில் பழகிய கைக்கு அது வேறு ரகம். கடப்பை வரிசை என்ற பாறைத் தொகுதியைச் சேர்ந்த படிவுப்பாறை. மணல் படிந்து, இடுக்கிலெல்லாம் சிலிக்காவே சாந்தாக இறங்கி இறுகியது. சாதா மணற்கல்லில் விரிசல் மணல்மணியைச் சுற்றிப் போகும், உடைந்த இடத்தைத் தேய்த்தால் விரலில் மணல் ஒட்டும். இதில் சாந்துக்கும் மணிக்கும் ஒரே பலம், அதனால் விரிசல் மணியையே அறுத்துக்கொண்டு போகும். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் கற்கண்டு மாதிரி மினுங்கும். லென்ஸ் வைத்தால் பாதியாக வெட்டுப்பட்ட மணிகள் தெரியும்.

கோர் 54 மி.மீ. விட்டம், நீளம் அதைப்போல் இரண்டரை மடங்கு. இரண்டு முனையும் 0.02 மி.மீ.க்குள் சமமாக வர வேண்டும். இந்தக் கல்லில் அதுதான் பெரும்பாடு. வைர பிளேடு சீக்கிரம் மழுங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் அறுத்து முடிக்கிற இடத்தில் விளிம்பு சில்லாகப் பெயரும். தண்ணீர் விடாமல் அறுக்கவே கூடாது, சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதான். முனை சாய்ந்திருந்தால் பாரம் ஓர் ஓரத்தில் ஏறி, கல் தன் பலத்தைக் காட்டுமுன்பே பிளந்துவிடும். பாரம் ஏறும் வேகம் வினாடிக்கு 0.5 முதல் 1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு). 200 மெகாபாஸ்கல் என்றால் இந்த விட்டத்துக்குச் சுமார் 47 டன். அந்த நிலையில் கல் வெடிக்கும். மெஷின் சட்டத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுக்க ஒரே நொடியில் கல்லில் இறங்குகிறது. கம்பிவலை போடாமல் யாரும் கிட்டே நிற்பதில்லை.

நாலு கோர் இருநூறைத் தாண்டி அப்படித்தான் வெடித்தன. ஐந்தாவது, நூறைத் தொடுமுன் 'டக்'கென்று சாய்வாக நழுவி உட்கார்ந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தோம். கோரின் நீள அச்சுக்கு 30 டிகிரி சாய்வில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பழைய விரிசலைக் குவார்ட்ஸ் வந்து அடைத்திருக்கிறது, முழுக்க அடைக்கவில்லை. ஒரு முகத்தில் துருக்கறை. தண்ணீர் போய்வந்த வழி. நழுவுவதற்கு அதைவிட வசதியான சாய்வு கிடையாது.

பழைய பிளவில் போனதை முழுக்கல்லின் பலத்தோடு சேர்த்தால் வரும் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. கல்லை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே வைத்து உடைக்கும் பாயின்ட் லோடு சோதனையில்கூடப் பத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு தள்ளிவிட்டுத்தான் சராசரி எடுக்கிறோம். சரி, அங்கே இரண்டு பக்கமும் தள்ளுகிறோம். இங்கே கீழே விழுந்ததை மட்டும் தள்ளினேன். ஒன்று முந்நூறைத் தொட்டிருந்தால் "விடு" என்றிருப்பேனா?

சோதனை கேட்டவருக்கு வேண்டியது ஜல்லிக்கான எண். கிரஷரில் போனதும் கல் அந்தக் கோடுகளில்தான் முதலில் பிரியும், மிஞ்சுவது முழுக்கல். அந்த மட்டில் என் எண் சரி. அதே தாளை நாளைக்கு யாராவது குவாரிச் சுவரை எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம் என்று பார்க்க எடுத்தால்? இப்படிப்பட்ட கல் வளைந்து கொடுக்காது. களிமண் படிவு வளைந்து தப்பிக்கிற இடத்தில், நடுவே இருக்கும் சிலிக்கா அடுக்கு நறுக்நறுக்கென்று பிளக்கும். கலிபோர்னியாவின் மான்டரே படிவுகளில் செர்ட் என்ற சிலிக்காக்கல் அடுக்குகள் அப்படித்தான் இருக்கின்றன. முழுக்கல் எத்தனை டன் தாங்கினாலும் சுவர் சரிவது கோட்டில்தான். அதுவும் நாங்கள் சோதித்தது காய்ந்த கோர். விரிசல் முனையில் ஈரம் பட்டால் சிலிக்காவின் பிணைப்பே தளரும். ஐப்பசி மழையில் ஊறிய பிறகு அந்தக் கோடு என்ன எண் கொடுத்திருக்கும்?

குறிப்புப் பத்தியில் ஒரு வரி போட்டிருக்கலாம்: 'ஒரு கோர் பழைய பிளவில் நழுவியது, சாய்வு 30 டிகிரி, சராசரியில் சேர்க்கவில்லை.' இடமும் இருந்தது. போட்டால் நாலு கேள்வி வரும், நாலுக்கும் என்னிடம் பதிலும் இருந்தது.

ஐந்து எண் வேண்டுமே என்று இன்னொன்று வெட்டிப் போட்டோம். அது இருநூற்றுச் சொச்சம். நழுவிய துண்டுகளைப் பையன் டேப் சுற்றி, மேலே '5' என்று மார்க்கரில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறான். ரிப்போர்ட்டில் புதிதாக வெட்டியதற்கும் நம்பர் 5தான்.