டோக்கியோ போனா மிட்சுகோஷிக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க

ரூமுக்கு வந்து ஷூவைக் கூட கழட்டல, சூட்டோட சூடா எழுதிடணும்னு உக்காந்துட்டேன், கால் ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குது ஆனா மனசு நிறைஞ்சு கெடக்கு. மிட்சுகோஷிங்கறது ஒரு பழைய, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், நான் போனது அதோட நிஹோன்பாஷி மெயின் கடைக்கு. எப்படி போறது, என்ன வாங்கறது, என்ன சாப்பிடறது, எவ்ளோ செலவாச்சுன்னு வரிசையா சொல்றேன்.

போறது ஈஸி. கின்சா லைன் மெட்ரோல மிட்சுகோஷிமாயே ஸ்டேஷன்ல இறங்கணும். பேருக்கு அர்த்தமே 'மிட்சுகோஷிக்கு முன்னாடி'தான், 1932ல அந்த ஸ்டேஷன் கட்ட கடைக்காரங்களே பணம் போட்டாங்க, அதனால ஸ்டேஷன்ல இருந்தே நேரா பேஸ்மென்ட்டுக்குள்ள போயிடலாம். ஆனா முதல் தடவை அப்படி போகாதீங்க. ரோட்டுக்கு ஏறி, ரெண்டு வெண்கல சிங்கம் படுத்திருக்கற மெயின் வாசல் வழியா போங்க. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து சிங்கத்தைப் பாத்து செஞ்சு 1914ல வச்சது.

காலைல பத்து மணிக்கு திறக்கறாங்க, நான் ஒன்பது ஐம்பதுக்கே போய் நின்னுட்டேன். கதவு திறந்ததும் வரிசையா கவுன்டர் முன்னாடி நிக்கற ஆளுங்க எல்லாம் குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க. கசங்கின டீஷர்ட்டும் முதுகுல பையுமா போன எனக்கும் அதே வணக்கம்தான், முன்னாடி கிமோனோ கட்டிட்டு போன பாட்டிக்கும் அதே வணக்கம்தான். நேத்து ஒரு டூரிஸ்ட் தெருவுல, கைல எடுத்துப் பாத்த துணியை வாங்காம வச்சதுக்கு ஒரு கடைக்காரர் மூஞ்சிய திருப்பிக்கிட்டார், அந்தக் கடுப்பு இங்க வந்ததும் போயிடுச்சு.

நடு ஹால்ல 'மகோகோரோ'ன்னு ஒரு தேவதை சிலை, 1960ல வச்சது, கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரம், மரத்துல செதுக்கி அவ்ளோ கலர் அடிச்சிருக்காங்க. மேல 1930ல இருந்து இருக்கற பைப் ஆர்கன். சனிக்கிழமை போனதால பன்னெண்டு மணிக்கு அதை வாசிச்சாங்க, டிக்கெட் கிடையாது, பால்கனில சாஞ்சு நின்னு கேட்டேன். பளிங்குச் சுவரை கிட்ட போய் பாருங்க, சுருள் சுருளா அம்மோனைட்ங்கற பழங்கால கடல் உயிரோட ஃபாசில் தெரியும். குழந்தைங்களோட போறவங்க இதைத் தேட விட்டாலே ஒரு மணி நேரம் ஓடிடும், பைசா செலவில்ல.

வாங்கறதுன்னா நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, கைக்குட்டை. கிமோனோ மாடிக்கு போய் கண்ணால பாத்துட்டு வாங்க, விலைச்சீட்டைத் திருப்பினா நமக்கு ஆகாது. கைக்குட்டை ஆயிரம் யென்னுக்கே அருமையா கிடைக்குது, யென்னுக்கு அறுபது பைசான்னு தோராயமா வச்சாலும் அறுநூறு ரூபாதான். அம்மாவுக்கு ஒண்ணு எடுத்தேன், 1,100 யென்.

இங்கதான் என் ஃபாரெக்ஸ் கார்டு காலை வாரிடுச்சு. மூணு தடவை போட்டும் டிக்லைன். கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல போய் நேர்ல கேட்டேன், எங்க வேணா வேலை செய்யும் சார்னு சொன்னாங்க, ஹெல்ப்லைனுக்கு அடிச்சா இருபது நிமிஷம் மியூசிக் மட்டும் ஓடுது, ஐஎஸ்டி காசு யார் குடுப்பா? பின்னாடி க்யூ நிக்குது, கவுன்டர்ல இருந்த அம்மா என்னவோ அவங்க தப்பு மாதிரி ரெண்டு தடவை தலை குனிஞ்சு மன்னிப்பு கேக்கறாங்க, எனக்கு பேங்க் மேல வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. நல்லவேளை கைல ரொக்கம் இருந்துச்சு. தயவுசெஞ்சு ஒரு நாள் செலவுக்காவது ரொக்கம் வச்சுக்கோங்க.

இந்தக் கடையே ரொக்கத்துல வளந்த கடை. 1673ல மிட்சுயி தகாதோஷிங்கறவர் எச்சிகோயான்னு துணிக்கடையா ஆரம்பிச்சார். அப்பல்லாம் துணி வியாபாரிங்க பெரிய வீடுகளுக்கு சரக்கைத் தூக்கிட்டு போய் கடனுக்கு குடுப்பாங்க, ஆளுக்கொரு விலை, பேரம் வேற. இவர் கடைக்கு வா, எல்லாருக்கும் ஒரே விலை, ரொக்கம், வேணும்ங்கற அளவுக்கு வெட்டித் தரேன்னுட்டார். காலைல கிடைச்ச அந்த வணக்கத்துக்கு வேர் இங்கதான் இருக்குன்னு நான் நம்பறேன்.

அப்புறம் அந்த கவுன்டர்காரம்மா கைக்குட்டைய பேக் பண்ணினதைப் பாக்கணுமே! பெட்டிய பேப்பர் மேல சாய்வா வச்சு நாலு திருப்பு, ஒரு மடிப்பு, துளி டேப்பு, முடிஞ்சுது. வெள்ளைல சிவப்பு உருவங்க போட்ட அந்த பேப்பர் 1950ல ஓவியர் இனோகுமா கென்இச்சிரோ வரைஞ்சது, அதுல மிட்சுகோஷின்னு எழுத்து எழுதினவர் அப்ப அங்க வேலை பாத்த யனாசே தகாஷி, பின்னாடி ஆன்பான்மேன்ங்கற குழந்தைங்க கார்ட்டூன் ஹீரோவை உருவாக்கினாரே அவரேதான். இதை எப்படி பிரிக்க மனசு வரும்?

சரி, சாப்பாடு. பேஸ்மென்ட்டுக்குப் போங்க, தேபாசிகான்னு சொல்லுவாங்க. கட்லெட் மாதிரி பொரிச்ச கொரொக்கே, மஞ்சளா தமாகோயாகிங்கற முட்டை ரோல், ஈல் மீன் சுடற வாசனை, அடுக்கடுக்கா பென்டோங்கற டப்பா சாப்பாடு, பெட்டில தங்கம் மாதிரி வச்ச ஒத்தை முலாம்பழம் 15,000 யென், நம்ம காசுக்கு ஒன்பதாயிரம்! அதை ஒரு ஃபோட்டோ கூட எடுக்காம நகந்துட்டேன். டோராயா கடைல சின்ன யோகான் ரெண்டு வாங்கினேன், சிவப்பு பயறு அரைச்சு கடல்பாசில இறுக்கினது, முன்னூறு சொச்சம் யென் ஒண்ணு, நெய்யே இல்லாம அப்படி ஒரு வழவழப்பு, கடிச்சா கத்தியால வெட்டின மாதிரி விட்டுக் குடுக்குது. சால்மன் பென்டோ 1,080 யென். எவ்ளோ நேரத்துல சாப்பிடுவீங்கன்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி ஐஸ் பேக் வச்சுத் தராங்க, இலவசமா. சைவம்னா இங்க கஷ்டம், காய் பொரியல் மாதிரி இருக்கறதுல கூட மீன் போட்டு எடுத்த தாஷி தண்ணி இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க.

நடந்துக்கிட்டே சாப்பிடாதீங்க, மொட்டை மாடிக்கு போயிடுங்க. தோட்டம், மேசை நாற்காலி, ஓரத்துல மிமேகுரின்னு ஒரு குட்டிக் கோயில். காத்து வீசுது, கீழ டோக்கியோ ஓடுது, ஆறிப்போன சோறு எப்படி இவ்ளோ ருசியா இருக்கும்னு எனக்கு இன்னமும் புரியல. ஒவ்வொரு பருக்கையும் தனியா தெரியுது, வறட்டலா இல்ல, ஒரு மூலைல உப்பிட்ட பிளம் பழம் ஒண்ணு, அது நாக்குல பட்டதும் கண்ணு தானா மூடிக்கிச்சு.

செலவு: சாப்பாட்டுக்கு வரி எட்டு சதவீதம், உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்னா பத்து. விலைச்சீட்டுல ரெண்டு விலை போட்டிருந்தா பெரிசைப் பாருங்க, அதான் வரியோட. 5,000 யென்ல பிளான் பண்ணினேன், சாயங்காலம் மூடறதுக்கு முன்னாடி ஒரு கவுன்டர்ல ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைச்சதும் ராத்திரிக்கு இன்னொரு பென்டோ எடுத்தேன், அப்பவும் ஆயிரத்துக்கு மேல மிச்சம்.

வெளிய வரும்போது மழை புடிச்சுக்கிச்சு. எங்கம்மாவுக்கு வாங்கின கைக்குட்டை இருந்த பேப்பர் பை நனையக் கூடாதுன்னு வாசல்ல இருந்தவங்க தானா வந்து மேல பிளாஸ்டிக் உறை மாட்டி விட்டாங்க. நான் தொப்பறையா நனைஞ்சுதான் வந்தேன், பை மேல ஒரு சொட்டு இல்ல.