3 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கால்களுக்கு, அதாவது குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு, இன்று புது உயிர் வந்திருக்கிறது.

இதுவரை வேகத்தடையில் ஏறி இறங்கினால் மூன்று முறை ஆடித்தான் அடங்கும். முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு. ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதும் என்றார்கள். கழற்றியபோது ஷாக்கில் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பிக் கருத்திருந்தது உண்மைதான். ஆனால் சத்தம் வந்தது கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷிலிருந்து, அதாவது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையிலிருந்து. ரப்பர் வெடித்து, விரலால் அழுத்தினாலே உலோகத்தை விட்டுப் பிரிந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புதிய ரப்பர் புஷ் போட்டபின், சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்க விடாதீர்கள். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். இல்லையென்றால் வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். மெக்கானிக் அவசரப்பட்டார், நான் விடவில்லை.

ஷாக்குகளை இடம் வலம் ஜோடியாகவே மாற்றினேன். தாழ்ந்துபோன காயில் ஸ்பிரிங்குகளையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்.

மாலையில் அதே வேகத்தடை. வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்தது, அத்தோடு அடங்கியது. திரும்பிப் போய் இன்னொரு முறை ஏறினேன்.